கொடைக்கானல் பாதரசமும் கொழும்பு விளக்கும்

செல்லூர்க்காரன் என்று சொன்னால் போதும், 2017ல் வைகை அணையில் மிதந்த தெர்மாகோல் அட்டைகளைப் பற்றிக் கேட்காதவர்கள் கிடையாது. நண்பர்களே, இது தெர்மாகோல் பற்றிய கட்டுரை இல்லை, தெர்மாமீட்டர் பற்றியது :-) இன்னும் சரியாகச் சொன்னால், தெர்மாமீட்டருக்குள் இருக்கவேண்டிய பாதரசம் தண்ணீருக்குள் போய்விட்டால் அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதைப் பற்றியது.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு கெமிஸ்ட்ரியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். படிக்கப் படிக்க, இது பாதி கெமிஸ்ட்ரி, பாதி ஆடிட்டிங் என்றுதான் எனக்குப் பட்டது. எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது, மீதி எங்கே? அந்த மீதியை எண்ணிப் பார்க்கும் கருவி யார் கையில் இருக்கிறது? கதை முழுக்க இந்தக் கேள்விதான். கொஞ்சம் நீளமான கதை, பொறுமையாகப் படியுங்கள்.

மலைமேல் ஒரு தொழிற்சாலை

1983ல் கொடைக்கானலில் பாண்ட்ஸ் நிறுவனம் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலையைத் தொடங்கியது. அப்போது திண்டுக்கல் மாவட்டமே கிடையாது. அது 1985ல்தான் பிரிந்தது. ஆக, தொழிற்சாலை வந்தபோது கொடைக்கானல் நம் மதுரை மாவட்டம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள்தான் இங்கே கொண்டுவரப்பட்டன. இங்கே செய்த தெர்மாமீட்டர்களில் பெரும்பகுதி திரும்பவும் அந்த நாடுகளுக்கே ஏற்றுமதி. பின்னால் பாண்ட்ஸ், யூனிலீவர் குடும்பத்துக்குள் போனது. தொழிற்சாலை இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது.

2001 மார்ச் மாதம், கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய சாமான் கிடங்கில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். தொழிற்சாலை நின்றது. மறுபடி திறக்கவே இல்லை. 2003ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது.

பிறகு ஆரம்பித்ததுதான் கணக்குச் சண்டை. காற்றிலும் மண்ணிலும் பாம்பார் சோலைக் காட்டுக்குள்ளும் எவ்வளவு பாதரசம் போயிருக்கும்? நிறுவனம் ஒரு கணக்குச் சொன்னது, எதிர்த்தவர்கள் வேறு கணக்குச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகவே இல்லை. முன்னாள் தொழிலாளர்கள் சிறுநீரகக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி என்று சொன்னார்கள். அதற்கும் தொழிற்சாலைக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றது நிறுவனம். கடைசியில் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு கையெழுத்தானது. 2001க்கும் 2016க்கும் நடுவில் பதினைந்து வருடம்!

பாம்பாறு மலையிலிருந்து இறங்கி, பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுந்து, வைகை வடிநிலத்துக்குள் வருகிற ஆறு. செல்லூர் இருப்பது வைகையின் வடகரை. அதனால் இந்த விஷயத்தை 'எங்கேயோ மலைமேல் நடந்தது' என்று நம்மால் ஒதுக்கிவிட முடியாது.

தொழிலாளி நிலையில் நின்று ஒரு நிமிடம் யோசியுங்கள். பாதரச ஆவிக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது. தண்ணீரில் கரைந்த பாதரச உப்பும் கண்ணுக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்றால் லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி வேண்டும், அதை இயக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அது இருப்பவர்கள் சொல்வதுதான் எண். இல்லாதவர்கள் சொல்வது 'குற்றச்சாட்டு'.

சரி, கருவி இல்லாமல் கண்ணாலேயே பார்க்க வழி உண்டா? உண்டு.

சாயப்பட்டறைக்குப் பக்கத்தில் பிறந்த வித்தை

ஆரத்தித் தட்டு எல்லாருக்கும் தெரியும். மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைத்தால் சிவப்பாகும். சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்று மஞ்சள் நமக்கு நிறம் மாறிச் சொல்கிறது. வேதியியல் சென்சார் என்பது அடிப்படையில் இதுதான். நாம் தேடும் பொருள் வந்து சேர்ந்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாறவேண்டும்.

ஆனால் நிறமாற்றத்துக்கு ஒரு குறை. பொருள் மிகக் கொஞ்சமாக இருந்தால் நிறமும் மிகக் கொஞ்சமாகத்தான் மாறும், கண் ஏமாந்துவிடும். ஒளிர்வு அப்படி இல்லை. கரண்ட் போன ராத்திரியில் தெருக்கோடியில் எரியும் ஒரு அகல்விளக்கு பளிச்சென்று தெரியும். அதே விளக்கைப் பகலில் ஏற்றினால் பக்கத்தில் போனால்தான் தெரியும். இருட்டுப் பின்னணியில் ஒளியைத் தேடுவது சுலபம். ஒளிரும் சென்சார்களின் பலம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

ஒளிர்வை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேங்க் கவுன்டரில் 500 ரூபாய் நோட்டைப் புற ஊதா விளக்கின் கீழே காட்டினால் சில இழைகள் பிரகாசிக்குமே, அதுதான். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பிக் கொடுப்பது. மலேரியாவுக்குக் கொடுத்த கொய்னா மருந்தின் கரைசல் வெயிலில் நீலமாக மினுங்குவதை 1845ல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில விஞ்ஞானி எழுதிவைத்தார். (கொய்னா எடுக்கும் சிங்கோனா மரத்தைப் பின்னால் நம் நீலகிரியிலும் வளர்த்தார்கள்.) 1852ல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் அதற்கு விளக்கம் கொடுத்து, ஃப்ளோரசன்ஸ் என்று பெயரும் வைத்தார்.

உலோகத்தைக் கண்டுபிடிக்க இதை முதலில் பயன்படுத்தியவர் என்று சொல்லப்படுபவர் ஃப்ரீட்ரிக் கோப்பெல்ஸ்ரோடர் என்ற சுவிஸ் நாட்டு வேதியியலாளர். வருடம் 1867. மோரின் என்பது மரத்திலிருந்து எடுக்கும் ஒரு மஞ்சள் சாயப்பொருள். அதோடு அலுமினியம் சேர்ந்தால் பச்சையாக ஒளிர்வதை அவர் கவனித்தார். சாயத்தைக் கொண்டு உலோகத்தைக் கண்டுபிடித்தாகிவிட்டது.

இது செல்லூர்க்காரனுக்கு ஆச்சரியமாக இருக்கக்கூடாது. எங்கள் ஏரியா தறிகளுக்குப் பெயர்போனது. பழைய காலத்துச் சாயக்காரர்கள் துணியில் சாயம் நிற்கப் படிகாரம் போடுவார்கள். படிகாரத்தில் இருப்பது அலுமினியம். உலோக அயனி ஒரு கையால் நூலையும் இன்னொரு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிதான் மோரின் கதையிலும். பட்டறையில் அது சாயத்தை நிற்கவைத்தது, சோதனைக்குழாயில் ஒளிரவைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கொழும்பில் எரிந்த விளக்கு

அடுத்த நூறு வருடமும் இப்படித்தான் போனது. ஏதாவது சாயம் ஏதாவது உலோகத்தோடு தற்செயலாக ஒளிர்ந்தால் அதைக் குறித்துவைத்துக்கொள்வார்கள். வேண்டியபடி வடிவமைக்கத் தெரியாது.

1967ல் சார்லஸ் பெடர்சன் என்பவர் கிரீடம் மாதிரி வளையமான மூலக்கூறுகளைப் பற்றி எழுதினார். வளையத்தின் அளவுக்கேற்ற உலோக அயனி அதற்குள் போய் உட்காரும். மோதிரக்கடையில் விரலுக்கு அளவு பார்க்கிற மாதிரி. 1987ல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, பிடிக்கும் கை கிடைத்துவிட்டது. பிடித்ததும் எரியும் விளக்கு?

இங்கேதான் நம் பக்கத்துத் தீவு வருகிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் ஏ. பிரசன்ன டி சில்வா என்ற இளம் ஆசிரியர் இருந்தார். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கை போருக்குள் போய்க்கொண்டிருந்த காலம். 1985ல் அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் அமிலத்தன்மையை ஒளியால் காட்டும் ஒரு புதுவகை மூலக்கூறைப் பற்றி எழுதினார்கள். 1986ல் அவரும் சாலிய டி சில்வாவும் சேர்ந்து, பொட்டாசியம் போன்ற உலோக அயனி வந்து உட்கார்ந்ததும் ஒளிரும் கிரீட மூலக்கூறை வெளியிட்டார்கள்.

வேலை செய்யும் விதத்தை நம் பாணியில் சொல்கிறேன். ஒரு பக்கம் விளக்கு, இன்னொரு பக்கம் கிரீட வளையம், நடுவில் சின்னப் பாலம். வளையத்தில் ஒரு நைட்ரஜன் அணு இருக்கிறது. விளக்கு எரிய எத்தனிக்கும்போதெல்லாம் இந்த நைட்ரஜன் ஒரு எலக்ட்ரானைத் தள்ளிவிட்டு அணைத்துவிடும். தெருக்கம்பியில் கொக்கி போட்டு கரண்ட் இழுக்கிற ஆள் பக்கத்து வீட்டு விளக்கை மங்கவைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உலோக அயனி வளையத்துக்குள் வந்து உட்கார்ந்தால் நைட்ரஜன் அதைக் கவனிக்கப் போய்விடும். கொக்கி எடுக்கப்பட்டது, விளக்கு எரிகிறது!

இதில் பெரிய விஷயம், விளக்கு, பாலம், வளையம் மூன்றையும் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம் என்பது. சோடியத்துக்கு ஒரு வளையம், கால்சியத்துக்கு வேறு வளையம். தற்செயல் போய் வடிவமைப்பு வந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் ரோஜர் சியென், உயிருள்ள செல்லுக்குள் கால்சியத்தைப் பார்க்க 1985ல் ஃப்யூரா-2 என்ற ஒளிரும் சாயத்தைக் கொடுத்தார். (வேறொரு ஒளிரும் பொருளுக்காக, ஜெல்லிமீனின் பச்சைப் புரதத்துக்காக, 2008ல் நோபல் வாங்கியவரும் இவர்தான்.)

டி சில்வா மறுபடி பெல்ஃபாஸ்ட் போனார். இரண்டு அயனிகளும் சேர்ந்து வந்தால் மட்டும் எரியும் மூலக்கூறை 1993ல் அவர் குழு வெளியிட்டது. கம்ப்யூட்டர்காரர்கள் சொல்லும் 'இதுவும் அதுவும்' என்கிற லாஜிக் கேட், ஒரே மூலக்கூறில். அவருடைய வடிவமைப்புக் கொள்கையில் செய்த சோடியம், பொட்டாசியம், கால்சியம் சென்சார்கள், நோயாளியின் படுக்கை அருகிலேயே ரத்தம் பார்க்கும் சிறிய கருவிகளுக்குள் போய் விற்பனைக்கும் வந்தன. கொழும்பில் தொடங்கிய யோசனை எங்கோ ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில் யாருடைய பொட்டாசியத்தையோ எண்ணுகிறது.

பாதரசம் என்கிற முரடன்

பொட்டாசியம் சாது. பாதரசம் அப்படி இல்லை. அது கனமான அணு. சாயத்துக்குப் பக்கத்தில் வந்தாலே ஒளியை அணைத்துவிடும் குணம் அதற்கு. எனவே ஆரம்பகாலப் பாதரசச் சென்சார்கள் பல, பாதரசம் வந்தால் அணையும் வகை. அணைவதை நம்புவது கஷ்டம். பாதரசத்தால்தான் அணைந்ததா, செம்பால் அணைந்ததா, தண்ணீர் கலங்கலாக இருந்ததாலா?

வழி கிடைத்தது இன்னொரு பக்கத்திலிருந்து. ரோடமின் என்பது இளஞ்சிவப்பாகப் பளபளக்கும் சாயம். அதன் மூலக்கூறில் ஒரு வளையத்தை மூடிவிட்டால் நிறமும் போகும், ஒளியும் போகும். ஒரு பூட்டு மாதிரி. 1997ல் ஆன்டனி சார்னிக்கின் குழு, செம்பு அயனி வந்து திறக்கும் ரோடமின் பூட்டைச் செய்தது. 2005ல் தென்கொரிய வேதியியலாளர்கள் பாதரசத்துக்கென்று ஒன்று செய்தார்கள். பாதரசத்துக்கும் கந்தகத்துக்கும் ஒட்டுறவு அதிகம் என்பது சித்த மருத்துவம் தெரிந்த ஊருக்குப் புதுச் செய்தி இல்லை. ரசமும் கந்தகமும் சேர்ந்தால் லிங்கம் ஆகும். அந்த ஒட்டுறவையே சாவியாக்கினார்கள். பூட்டுக்குள் ஒரு கந்தக அணு. பாதரசம் வந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போகும், வளையம் திறக்கும், தெளிந்த நீர் இளஞ்சிவப்பாகி ஒளிரும்.

நம் பக்கத்திலும் வேலை நடந்தது. திண்டுக்கல் அருகே காந்திகிராமப் பல்கலைக்கழக வேதியியல் துறையிலிருந்து, தங்க நுண்துகள்களைக் கொண்டு பாதரச அயனியை ஒளிர்வால் கண்டுபிடிக்கும் ஆய்வுகள் 2010களில் வெளிவந்தன. காந்திகிராமமும் கொடைக்கானலும் ஒரே மாவட்டம் என்பதை இங்கே கவனிக்கவேண்டும். நோய் வந்த மலைக்கு அடிவாரத்திலேயே மருந்தும் அரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏரியின் கணக்கு

இனி முக்கியமான இடம். சென்சார் ஒன்று கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஹைதராபாத் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் கொடைக்கானலில் மாதிரிகள் எடுத்தார்கள். 2003ல் பாசி, லைக்கன் பற்றிய ஆய்வு வந்தது. மரத்தில் ஒட்டியிருக்கும் இவை காற்றில் வந்த பாதரசத்தைச் சேர்த்துவைத்திருந்தன. யாரும் கேட்காமலே எழுதப்பட்ட பேரேடு! 2006ல் ஏரியைப் பற்றிய ஆய்வு வெளியானது. கொடைக்கானல் ஏரித் தண்ணீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருந்தது என்றது அது.

நானோகிராம் என்றால் கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் நாட்டுக் குடிநீர்த் தர அளவுகோலில் பாதரசத்துக்கான வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அதாவது 1000 நானோகிராம். நூறு கோடியில் ஒரு பங்கு. காலத்தில் சொன்னால் சுமார் 32 வருடத்தில் ஒரு வினாடி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏரித் தண்ணீர் வரம்புக்குள்தான் இருக்கிறது! குடிநீர் வரம்பைத் தொட்டால் மட்டும் ஒளிரும் சென்சாரை அந்த ஏரியில் நனைத்திருந்தால் அது ஒளிராமலே இருந்திருக்கும். "பிரச்சினை இல்லை" என்று ஒரு சான்றிதழ் எழுதியிருக்கலாம். ஆனால் அதே ஆய்வு அடிச்சேற்றிலும் மீனிலும் பாதரசம் சேர்ந்திருப்பதைக் காட்டியது. சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது சின்ன மீனில் சேர்ந்து, பெரிய மீனில் பெருகி, கடைசியில் தட்டுக்கு வரும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956ல் வெளியே தெரியவந்த நோய் இப்படித்தான் வந்தது, கடல் உணவு வழியாக.

ஆடிட்டிங் பாடத்தில் ஒரு விஷயம் சொல்வார்கள். எந்த அளவுக்குக் கீழே உள்ள தவறுகளைப் பொருட்படுத்தமாட்டோம் என்று ஆடிட்டர் முதலில் ஒரு எல்லை வைத்துக்கொள்கிறார். சுத்தமான ரிப்போர்ட் என்றால் தவறே இல்லை என்று அர்த்தம் இல்லை. அந்த எல்லைக்கு மேல் எதுவும் தட்டுப்படவில்லை என்றுதான் அர்த்தம். சென்சாரும் அப்படியே. ஒளிர்ந்தால் அது ஒரு சாட்சி. ஒளிராவிட்டால் அது விடுதலைத் தீர்ப்பு ஆகாது. எந்த அளவு வரை பார்க்கும், எங்கே நனைத்தீர்கள், தண்ணீரிலா சேற்றிலா மீனிலா என்று கேட்டாகவேண்டும். எல்லை எது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதையும் கேட்டாகவேண்டும். கொடைக்கானல் தொழிற்சாலை மண்ணைச் சுத்தம் செய்ய கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தபோது, அது போதாது என்று எதிர்த்தவர்கள் போராடியது இதற்காகத்தான்.

வாங்குவது யார்?

ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கும் சென்சார் கடைக்கு வந்தது. தண்ணீரில் பாதரசம் பார்க்கும் ஒளிர்வுச் சென்சார் பெரும்பாலும் ஆய்விதழ்ப் பக்கங்களிலேயே தங்கிவிட்டது. ஏன்?

கெமிஸ்ட்ரி காரணம் ஒன்று உண்டு. ரத்தத்தில் பொட்டாசியம் தாராளமாக இருக்கிறது, அளவும் குறுகிய எல்லைக்குள் ஏறி இறங்கும். ஏரியில் பாதரசமோ நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே, கூடவே இரும்பு, செம்பு, சேறு என்று ஒரு கூட்டம். கண்ணாடிக் குவளையில் வேலை செய்கிற மூலக்கூறு, பந்தல்குடி வாய்க்கால் தண்ணீரில் திணறிவிடும்.

ஆனால் காமர்ஸ் காரணம் ஒன்றும் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கொடுக்க ஆஸ்பத்திரி இருக்கிறது, நோயாளி இருக்கிறார். ஏரித் தண்ணீருக்கு யார் வாடிக்கையாளர்? மீன் பிடிப்பவரா? பழைய சாமான் கிடங்கில் கண்ணாடி பொறுக்குபவரா? தேவை இருக்கிறது, வாங்கும் சக்தி இல்லை. எகனாமிக்ஸில் இதற்கு டிமாண்ட் என்ற பெயர்கூடக் கொடுக்கமாட்டார்கள்.

அரசு வாங்கினால் கதை மாறும் என்பதற்கு உதாரணம் உண்டு. பங்களாதேஷில் ஆர்செனிக் விஷம் கலந்த குழாய்க்கிணறுகள். 2000 முதல் 2003 வரை சுமார் 50 லட்சம் கிணறுகளை எளிய நிறமாற்றப் பெட்டிகளால் சோதித்து, ஆபத்தான பம்புக்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் அடித்தார்கள். துல்லியத்தில் குறைகள் இருந்தன. ஆனாலும் எழுதப்படிக்கத் தெரியாத ஒருவருக்கும் எந்தப் பம்பில் குடிக்கக்கூடாது என்று தெரிந்தது. நம் நாட்டிலும் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கும் பெட்டி கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். அந்தப் பெட்டி பார்ப்பது பெரும்பாலும் ஃப்ளோரைடு, இரும்பு, நைட்ரேட், கடினத்தன்மை போன்றவற்றை. தொழிற்சாலை, சாயப்பட்டறை, பழைய எலக்ட்ரானிக் சாமான் உடைக்கும் இடம் இவற்றின் அருகில் இருக்கும் ஊர்களுக்காவது கன உலோகங்களையும் அதில் சேர்க்கவேண்டும் என்பது என் கருத்து. சந்தேகம் வந்த மாதிரியைப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஒரு வழியும் கூடவே வேண்டும். முதல் கேள்வியைச் சின்னப் பெட்டி கேட்கட்டும், கடைசிப் பதிலைப் பெரிய கருவி சொல்லட்டும்.

பாதரசத்தைக் குறைக்க உலக நாடுகள் 2013ல் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு மினமாட்டாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பாதரசத் தெர்மாமீட்டரும் பல இடங்களில் மறைந்து டிஜிட்டல் வந்துவிட்டது. நல்லது. ஆனால் ஏற்கனவே சேற்றில் இறங்கியதை எந்த ஒப்பந்தமும் தானாக எடுத்துவிடாது.

ஸ்டோக்ஸ் ஒளிர்வுக்குப் பெயர் வைத்து 170 வருடத்துக்கு மேல் ஆகிறது. கோப்பெல்ஸ்ரோடர் உலோகத்தை ஒளிரவைத்து 150 வருடத்துக்கு மேல். விளக்கு ரெடி. கையில் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போக ஆளும் இருக்கிறார்கள். நடுவில் நிற்பது பில் போடுகிற விஷயம் மட்டும்தான்.

கெமிஸ்ட்ரி படிக்கும் நண்பர்கள் இதைப் படித்தால், உங்கள் துறையில் இப்படி ஏதாவது சென்சார் வேலை நடக்கிறதா என்று எழுதுங்கள். விலைக்கணக்கு போட்டுத்தர நான் ரெடி, காஸ்ட் அக்கவுன்டிங் பேப்பர் அதற்காவது உதவட்டும் :-)